மகளுக்கு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து

செவ்வாய் இரவு

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ தொலைபேசியில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லாமல், யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். இரண்டு நாள் யோசித்தேன். வாயால் சொன்னால் நடுவில் எனக்குக் கோபம் வந்துவிடும், உனக்கும் வரும். அதனால் எழுதுகிறேன். வேலை முடிந்து அறைக்குப் போன பிறகு பொறுமையாகப் படி.

நீ கேட்டது இதுதான். நம் பேருந்து நிலையத்தில் லாட்டரிச் சீட்டு விற்கும் அண்ணன், நீ வேலை செய்யும் தொலைக்காட்சிப் பாட்டு நிகழ்ச்சிக்கு முதல் சுற்றில் தேர்வாகிவிட்டார். அடுத்த வாரம் கோயம்புத்தூரில் நடக்கும் சுற்றுக்கு அவரால் தனியாக வர முடியாது. நான் கூட்டி வர வேண்டும். எந்தப் பாட்டைக் கேட்டுத் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் மாரியம்மன் கோயில் திருவிழாவில் அவர் பாடிய வீடியோ உங்கள் அலுவலகத்தில் யாருக்கோ கிடைத்தது என்றாய். "நல்ல கன்டென்ட் அப்பா, அந்த ஆள் ஒரு கேரக்டர்" என்றாய். சின்ன வயதில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து பள்ளிக்கூடம் போனவள் நீ. அவரை நம் தெருவில் யாரும் அந்த ஆள் என்று சொல்வதில்லை. நீயும் அண்ணன் என்றுதான் கூப்பிட்டாய்.

அந்த வீடியோ எடுக்கப்பட்ட இரவில் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கச்சேரிக்கு வர வேண்டிய குழு வரத் தாமதமானதால் இளைஞர்கள் அவரை மேடையில் ஏற்றி ஒலிவாங்கியைக் கையில் கொடுத்தார்கள். அவருக்குப் பேச்சு திக்கும். பாடும்போது திக்காது என்பது அவருடைய நம்பிக்கை. அன்று திக்கியது. சுருதி எங்கோ போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு முழுப் பாட்டையும் பாடி முடித்தார். கூட்டம் கைதட்டிச் சிரித்தது, நானும் சிரித்தேன். முப்பத்திரண்டு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுத்த நான், திக்கிப் படிக்கும் பிள்ளையைப் பார்த்துச் சிரித்த மாணவர்களை வகுப்புக்கு வெளியே நிறுத்திய நான், அன்று கூட்டத்தோடு கூட்டமாகச் சிரித்தேன். இதை உன்னிடம் நான் இதுவரை சொன்னதில்லை.

அந்தக் கைதட்டலை அவர் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார். வாட்ஸ்அப்பில் வீடியோ பரவியதும் சீட்டு வாங்க வருகிறவர்களிடமெல்லாம் தானே காட்டினார். மூன்று நாள் அப்படிப் போனது. நான்காம் நாள் யாரோ ஒருவர், நல்லெண்ணத்தோடுதானோ என்னவோ, அவர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று அவருக்கு விளக்கிச் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இரண்டு மாதம் அவர் நம் பேருந்து நிலையத்துக்கு வரவில்லை. வண்ணாமடை வரை நடந்து போய், முகம் தெரியாதவர்களிடம் விற்றுவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்பினார். தமிழ்நாட்டில் 2003-ல் லாட்டரியைத் தடை செய்த பிறகு எல்லை தாண்டி இங்கே கேரளத்துக்குச் சீட்டு வாங்க வருகிறவர்களை நம்பித்தான் அவர் பிழைப்பு. அவர்கள் வந்து இறங்கும் இடத்தை விட்டு ஒதுங்குவதென்றால் அவருக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று உனக்குத் தெரியும். ஓர் ஊரின் சிரிப்பு அவ்வளவு செய்தது. உங்கள் நிகழ்ச்சியை எத்தனை ஊர் பார்க்கும்?

நீ இந்த வேலைக்குப் போன முதல் ஆண்டில் ஒரு விடுமுறையில் வந்து எனக்கு விளக்கியது நினைவிருக்கிறதா? வரிசையில் நிற்கிறவர் அப்படியே நடுவர்கள் முன்னால் போய் நிற்பதாகத்தான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள், ஆனால் அதற்கு முன் உங்களைப் போன்றவர்கள் இரண்டு மூன்று மேசைகளில் உட்கார்ந்து எல்லோரையும் கேட்டு, பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பிவிட்டு, மிகச் சிலரைத்தான் உள்ளே விடுகிறீர்கள் என்றாய். அன்று அது எனக்கு ஒரு தொழில் நுணுக்கமாகத்தான் பட்டது. இப்போது அதுவே என்னை உறுத்துகிறது. பாடவே வராத ஒருவர் நடுவர் முன் நிற்கிறார் என்றால், அவர் தற்செயலாக அங்கே வந்து சேரவில்லை. நன்றாகப் பாடிய நூறு பேரைத் திருப்பி அனுப்பிய அதே மேசை அவரை உள்ளே அனுப்பியிருக்கிறது. அவரிடம் சொன்ன சொல் "தேர்வாகிவிட்டீர்கள்" என்பது. எதற்குத் தேர்வானார் என்பதைச் சொல்லவில்லை. நடுவர் கேலி செய்யும்போது அவர் முகத்தில் தெரியும் குழப்பம் இருக்கிறதே, அது பாட்டில் தோற்றவரின் முகம் இல்லை. மூன்று முறை நம்பிக்கை கொடுத்து அழைத்து வந்தவர்கள் இப்போது ஏன் இப்படிப் பேசுகிறார்கள் என்று புரியாதவரின் முகம். குற்றம் நடுவரின் வாயில் தொடங்குவதாக ஊர் பேசுகிறது. அது உன் மேசையில் தொடங்குகிறது என்று நான் நினைக்கிறேன், மகளே. கடுமையாகச் சொல்கிறேன் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

அதற்கு மேல் எடிட்டிங் இருக்கிறது. வேறொரு நேரத்தில் வேறொருவருக்காகச் சிரித்த நடுவரின் சிரிப்பை வெட்டி இங்கே ஒட்டுவது, பாட்டின் நடுவில் சினிமா நகைச்சுவை வசனத்தைச் செருகுவது, அவர் தடுமாறும் கணத்தை மூன்று முறை திருப்பிக் காட்டுவது, அதையே புரோமோவாக வாரம் முழுக்க ஓட்டுவது எல்லாம் படப்பிடிப்பு முடிந்து, அவர் ஊர் திரும்பி, குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து நிதானமாகச் செய்யப்படுகிறவை. கோயில் திருவிழாவில் நாங்கள் யோசிக்காமல் சிரித்தோம், அதுவே தப்பு. உங்களுடையது யோசித்துச் செய்வது.

உன் அம்மாவின் இரும்புப் பெட்டியில் பழுப்பேறிய ஓர் உறை இருக்கிறது. திருமணத்துக்கு முன் அவள் வானொலி நிலையம் ஒன்றில் குரல் தேர்வுக்குப் போனாள். கூடத்தில் தம்புராவும் ஒலிவாங்கியும் அவளும்தான். கேட்பவர்கள் வேறு அறையில் இருந்தார்களாம். சில வாரம் கழித்துத் தபாலில் பதில் வந்தது: தேர்வாகவில்லை, குறிப்பிட்ட காலம் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். அவள் அடுப்படியில் போய் அழுதாள், மறுநாள் வழக்கம்போலப் பிள்ளைகளுக்கு ஸ்வரம் சொல்லிக்கொடுக்கப் போனாள். அவள் தோற்றது அவளுக்கும் அவள் வீட்டுக்கும் மட்டுமே தெரியும். இரண்டாவது முறை போய், வானொலியில் பாடத் தகுதி தரும் பி கிரேடு வாங்கினாள். முதல் முறையே ஊர் பார்க்கச் சிரித்திருந்தால் இரண்டாவது முறை என்று ஒன்று இருந்திருக்காது. தரம் பார்க்காதே, எல்லோரையும் மேடையேற்று என்று நான் சொல்வதாக நினைக்காதே. வேண்டாம் என்று சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அதை ஓர் உறைக்குள் வைத்தும் சொல்ல முடியும்.

சிரிப்பே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. நம் பாலக்காட்டுப் பொறாட்டு நாடகத்தில் விடிய விடியச் சிரித்தவன் நான். ஒரு பக்கம் கேள்விக்காரர் நின்று கேட்பார். குறவனும் குறத்தியும் மற்ற வேடங்களும் ஒவ்வொன்றாக வந்து, தமிழும் மலையாளமும் கலந்து பதில் சொல்வார்கள். அங்கே வேடம் கட்டியவருக்குத் தான் எதற்கு நிற்கிறோம் என்று தெரியும், கேள்வி கேட்டவரை மடக்கிக் கூட்டத்தைச் சிரிக்க வைப்பவரே அவர்தான். விடிந்ததும் சாயத்தைக் கழுவிக்கொண்டு டீக்கடையில் நம்மோடு உட்காருவார். நம் அண்ணன் எந்தச் சாயத்தைக் கழுவுவார்?

சூசன் பாயிலை நீ எடுத்துக்காட்டாகச் சொன்னாய். 2009 ஏப்ரலில் பிரிட்டன் தொலைக்காட்சியில் அந்த 47 வயது ஸ்காட்லாந்துப் பெண் மேடைக்கு வந்தபோது அரங்கம் ஏளனமாகச் சிரித்தது, பாடத் தொடங்கியதும் எழுந்து நின்றது, அவர் உலகப் புகழ் பெற்றார் என்றாய். எல்லாம் உண்மை. ஆனால் இறுதிச் சுற்றில் இரண்டாம் இடம் பெற்ற உடனே அவர் மனநல மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்பதும் உண்மை. தமக்கு ஆட்டிச வகையைச் சேர்ந்த ஆஸ்பெர்கர் நிலை இருப்பது பின்னால்தான் கண்டறியப்பட்டது என்று 2013-ல் அவரே சொன்னார். அதைவிட என்னை வருத்துவது வேறு ஒன்று. குரல் நன்றாக இருந்ததால் அவரைப் பார்த்துச் சிரித்தது தப்பு என்று எல்லோரும் வெட்கப்பட்டார்கள். குரல் நன்றாக இல்லாமல் இருந்திருந்தால்? அந்தச் சிரிப்பு சரியாகிவிடுமா? அவர் முகத்தையும் வயதையும் உடையையும் பார்த்துத்தானே வாய் திறப்பதற்கு முன்பே சிரித்தார்கள்? நன்றாகப் பாடித்தான் ஒருவர் தம் மரியாதையை வாங்க வேண்டும் என்றால், பாட வராதவருக்கு மரியாதை எங்கே கிடைக்கும்?

2008-ல் கொல்கத்தாவில் 16 வயதுப் பெண் ஒருத்தி நடன நிகழ்ச்சியில் நடுவர்கள் கடிந்துகொண்ட பிறகு பேச்சிழந்து, கைகால் இயக்கமும் குறைந்து, பெங்களூருவில் மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸில் சிகிச்சைக்குச் சேர்க்கப்பட்ட செய்தி எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது. நிகழ்ச்சிதான் காரணம் என்று அடித்துச் சொல்ல நான் மருத்துவன் அல்லன். ஆனால் அவளை மேடைக்கு அனுப்பியவர்கள் எவருக்கும் அன்றிரவு தூக்கம் வந்திருக்காது. உனக்கு அப்படி ஓர் இரவு வரக் கூடாது என்பதும் இந்தக் கடிதம் எழுத ஒரு காரணம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், உன் மேலதிகாரிகளிடம் பேச உதவும். அண்ணனிடம் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவுப்படி, பொதுமக்கள் பார்வையில் ஒரு மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு வேண்டுமென்றே அவமதிப்பது, ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றம். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், ஒரு திரைப்படம் தொடர்பான வழக்கில், ஊனத்தைப் புரிந்துகொள்ள உதவும் நகைச்சுவைக்கும் ஊனமுற்றவரைத் தாழ்த்தும் நகைச்சுவைக்கும் வேறுபாடு உண்டு என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பிரிட்டனில் ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம், பங்கேற்பதால் என்ன பாதிப்பு வரலாம் என்பதை முன்கூட்டியே பங்கேற்பாளரிடம் சொல்ல வேண்டும் என்ற விதியை 2021 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நான் கேட்பதும் அவ்வளவுதான்.

நீ சொல்லக்கூடியது எனக்குத் தெரியும். அவர் ஐம்பது வயதைத் தாண்டியவர், வர வேண்டும் என்று அவரே ஆசைப்படுகிறார், அவருக்காக முடிவெடுக்க நான் யார்? நியாயமான கேள்வி. அவரைக் குழந்தையாக்கி வீட்டில் பூட்டி வைப்பதும் ஒருவகை அவமதிப்புத்தான். ஆனால் அவர் எதற்கு ஆசைப்படுகிறார்? பாட்டுப் பாட. நீங்கள் அவரை அழைப்பது அதற்கு இல்லை. கையெழுத்து வாங்கப் போகும் ஆங்கிலத் தாளில் என்ன எழுதியிருந்தாலும், இந்த ஒன்று அவருக்குத் தெரியாதவரை அது சம்மதம் ஆகாது. ஆகவே உண்மையைச் சொல்லுங்கள். "அண்ணா, உங்கள் பாட்டு போட்டிக்குப் போதாது, மக்கள் சிரிப்பார்கள் என்றுதான் கூப்பிடுகிறோம், அது யூடியூபில் எப்போதும் இருக்கும்" என்று தமிழில், அவருக்குப் புரியும்படி, அவசரப்படாமல் சொல்லுங்கள். அதைக் கேட்ட பிறகும் வருகிறேன் என்று அவர் சொன்னால், நானே பேருந்தில் ஏற்றிக் கூட்டி வருகிறேன், அன்று முழுக்க அவர் பக்கத்தில் இருக்கிறேன். அதைச் சொல்லாமல் கூட்டி வரச் சொன்னால், வர மாட்டேன்.

உன் வேலை போய்விடுமோ என்ற பயமும் எனக்கு இருக்கிறது. வீட்டுக் கடனுக்கு மாதா மாதம் நீ கட்டும் பணத்தை நான் மறக்கவில்லை. வேலையை விடு என்று சொல்ல எனக்கு மனம் இல்லை, அப்படிச் சொல்வது எனக்கு எளிது, உனக்குத்தான் கஷ்டம். உன் மேசையில் நீ செய்யக்கூடியதைச் செய். பாட வராதவரை அங்கேயே, மற்றவர் காதில் விழாமல், நன்றி சொல்லித் திருப்பி அனுப்பு. குழுக் கூட்டத்தில் இப்படி ஒருவரைச் சிரிப்புக்காக உள்ளே விடலாம் என்று யாராவது சொன்னால், எனக்குச் சம்மதம் இல்லை என்று ஒரு முறையாவது வாய்விட்டுச் சொல். அன்று கோயில் முன்வரிசையில் ஒருவர் எழுந்து போதும் என்று சொல்லியிருந்தால் பாதிக் கூட்டம் அடங்கியிருக்கும். அந்த ஒருவராக நான் இருந்திருக்க வேண்டும்.

உங்கள் அலுவலகத்திலிருந்து அவருக்கு ஏற்கெனவே அழைப்பு வந்துவிட்டது என்பது உனக்குத் தெரியுமா? இன்று மூன்று மணிக் குலுக்கல் முடிந்ததும் நம் வாசலுக்கு வந்தார். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்டார். நீ சொல்லித்தான் தமக்கு இந்த வாய்ப்பு கிடைத்தது என்று நம்பிக்கொண்டிருக்கிறார், உனக்கு நன்றி சொல்லச் சொன்னார். புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறாராம், நீல நிறம், வெள்ளிக்கிழமை கிடைக்குமாம். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, மோர் கொடுத்து அனுப்பினேன். அவருடைய எண்ணைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நீயே கூப்பிட்டு, அண்ணா என்று அழைத்து, அவரிடம் பேசு.

அன்புடன்,
அப்பா