ஆண்டறிக்கை 2024–25: போன வருடம் செய்ததெல்லாம் என்ன ஆயிற்று?

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மூத்த உறுப்பினர்களே, சந்தா பாக்கி இருந்தாலும் கூச்சப்படாமல் வந்திருக்கும் நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ஸ்ரீவில்லிபுத்தூரில் நமது சேவைச் சங்கம் செய்த வேலைகளின் அறிக்கை இது. முதலில், இந்த வருடம் நம்மை விட்டுப் பிரிந்த மூத்த உறுப்பினர்கள் இருவருக்கு அஞ்சலி. அவர்களைப் பற்றித் தலைவர் பேசுவார். அதில் ஒருவர் எழுதிக் கொடுத்த கண்தான உறுதிமொழி அட்டையைப் பற்றி மட்டும் நான் பின்னால் சொல்கிறேன்.

போன வருடம் இதே இடத்தில் நின்று "முகாம் நடத்தினோம், மரக்கன்று நட்டோம், பரிசு வழங்கினோம்" என்று மூச்சு விடாமல் வாசித்தேன். கை தட்டினீர்கள். உட்காரப் போகும்போது பின் வரிசையிலிருந்து ஒருவர், "அந்தக் கன்னெல்லாம் இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தபால் துறையில் காலம் தள்ளியவன் நான். மணியார்டர் அனுப்பினால் கையெழுத்தோடு ரசீது திரும்பி வர வேண்டும் என்று மற்றவர்களிடம் பிடிவாதம் பிடித்தவன். அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. மறுநாளே தீர்மானப் புத்தகத்தில் ஒவ்வொரு வேலைக்கும் எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட ஆரம்பித்தேன். பிறகு என்ன ஆயிற்று என்று எழுதுவதற்கு. இன்று வாசிப்பது பெரும்பாலும் அந்த எதிர்ப்பக்கங்களைத்தான்.

கேட்ட கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நட்டது ஐம்பது வேம்பும் புங்கையும். பிழைத்தது பன்னிரண்டு. பிழைத்ததெல்லாம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: டீக்கடை வாசலில், சைக்கிள் கடை ஓரத்தில், பள்ளிக்கூடக் குழாயடியில். டம்ளர் கழுவிய தண்ணீரை யாரோ தினமும் ஊற்றியிருக்கிறார்கள். சிறப்பு விருந்தினர்கள் கையால் நட்ட ஐந்து கன்றுகளில் ஒன்றுகூட இல்லை. கூண்டு மட்டும் நிற்கிறது, நம் சங்கத்தின் பெயரோடு.

இனி கண் முகாம். இந்த வருடமும் மூன்று மாதத்துக்கு ஒன்றாக நான்கு நடத்தினோம். முறை உங்களுக்குத் தெரிந்ததுதான். காலையில் பரிசோதனை, புரை உள்ளவர்களுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, சாயங்காலம் பேருந்தில் மதுரைக்கு அனுப்புவோம், மறுநாள் ஆபரேஷன், லென்ஸ் வைத்து மூன்றாம் நாள் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். ஒரு மாதம் கழித்து மறுபரிசோதனை. முதல் முகாமில் முப்பத்தோரு பேர் போனார்கள். மறுபரிசோதனைக்கு வந்தவர்கள் பதினெட்டுப் பேர்.

மீதிப் பதின்மூன்று பேரைத் தேடி நானும் இரண்டு உறுப்பினர்களும் மல்லி, மம்சாபுரம் பக்கமெல்லாம் வண்டியில் அலைந்தோம். ஐந்து பேர் நூறு நாள் வேலைக்குப் போயிருந்தார்கள். நாம் மறுபரிசோதனை வைத்தது புதன்கிழமை. கூலியை விட்டுவிட்டு வா என்று எப்படிச் சொல்வது? ஒரு பாட்டி மகள் வீட்டுக்குத் திருப்பூர் போய்விட்டார். இன்னொரு வீட்டில் ஒரு மாதத்துக்குக் கொடுத்த சொட்டு மருந்து நாலே நாளில் தீர்ந்துபோயிருந்தது. விசாரித்தால், மருமகளுக்குக் கண் எரிச்சல், பேரனுக்குக் கண் சிவப்பு, எல்லோருமே ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள். தாத்தாவுக்குக் கொடுத்த கறுப்புக் கண்ணாடியைப் பேரன் மாட்டிக்கொண்டு பைக்கில் போயிருந்தான். சிரித்துவிட்டுத்தான் வந்தோம். ஆனால் அந்தத் தாத்தாவின் கண்ணில் சீழ் வைக்கத் தொடங்கியிருந்தது. அன்றே மதுரைக்கு அனுப்பினோம். கண் தப்பியது. இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு மறுபரிசோதனையை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினோம். சொட்டு மருந்தை எப்படிப் போடுவது என்று நோயாளியிடம் சொல்வதை நிறுத்திவிட்டு வீட்டில் மருந்து போட்டுவிடுகிறவரை வரவழைத்துச் சொல்கிறோம். கடைசி முகாமில் போனது இருபத்தாறு பேர், திரும்பி வந்தது இருபத்துநான்கு. இந்த வருடம் நான் மார்தட்டிச் சொல்ல ஒரு கணக்கு உண்டென்றால் இதுதான்.

"ரிட்டயர் ஆனவங்க நாம, இவ்வளவுதான் முடியும்" என்று செயற்குழுவில் ஒருவர் அலுத்துக்கொண்டார். அவருக்கு நான் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வு பெற்ற பிறகு, 1976இல், 58 வயதில்தான் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வாத நோயால் விரல்கள் கோணிப்போன கை அவருடையது. அந்தக் கையால்தான் ஆயிரக்கணக்கில் கண் ஆபரேஷன் செய்தார். ஊர் வடமலாபுரம். சிவகாசிப் பக்கத்து வடமலாபுரம் அல்ல, எட்டயபுரம் பக்கம் உள்ளது. போன கூட்டத்தில் இதை வைத்து ஒரு சச்சரவு வந்ததால் குறிப்பில் ஏற்றுகிறேன்.

கோவிலைச் சுற்றிப் பூ கட்டுகிறவர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தோம். ஆண்டாள் ஊரில் பூ கட்டுகிறவருக்குக் கண் மங்கினால் பிழைப்பே போய்விடும். கனகாம்பரத்தை எண்ணித் தொடுக்கப் பார்வை கிட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும். கொடுத்த நாற்பது கண்ணாடியில் எத்தனை மூக்கில் இருக்கிறது என்று போய்ப் பார்த்தேன். என்னைக் கண்டதும் ஒரு அம்மா சுருக்குப் பையிலிருந்து எடுத்து அவசரமாக மாட்டிக்கொண்டார். "மத்த நேரம் ஏம்மா போடறதில்ல?" என்றேன். "கெழவின்னுருவாக, சார்" என்றார். அவருக்கு அறுபத்தைந்து வயது. அப்புறம் மெல்லிய பொன்னிறச் சட்டம் உள்ளதாக மாற்றிக் கொடுத்தோம், விலை கொஞ்சம்தான் கூடுதல். இப்போது போடுகிறார்.

கண்தானத்தைப் பற்றிச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. உறுதிமொழி அட்டையில் கையெழுத்து வாங்குவதில் நாம் சூரர்கள். பெயர்ப் பட்டியலைச் சட்டமிட்டுச் சங்க அறையில் மாட்டியிருக்கிறோம். கார்த்திகையில் நம் மூத்த உறுப்பினர் காலமானார். பட்டியலில் முதல் பெயர் அவருடையது. எனக்குச் செய்தி வந்தது மறுநாள் சாயங்காலம். கண்ணை எடுக்க ஆறு மணி நேரம்தான் அவகாசம். வீட்டாருக்கு அப்படி ஓர் அட்டை இருப்பதே தெரியாது. அட்டை அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. நாம் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குற்றம் நம்முடையது, குறிப்பாகச் செயலாளரான என்னுடையது.

மாசியில் ஓர் இரவு, பதினோரு மணிக்கு மேல், நம் உறுப்பினர் ஒருவரின் தாயார் தவறிவிட்டார். இந்த முறை உடனே ஓடினோம். மின்விசிறியை நிறுத்தி, இமைகளை மூடி, ஈரப் பஞ்சு வைத்து, தலையணையை உயர்த்திவிட்டு மதுரைக்குப் போன் செய்தோம். அந்த அம்மா எந்த அட்டையிலும் கையெழுத்துப் போட்டவர் அல்ல. உறவில் ஒரு பெரியம்மா குறுக்கே நின்றார். "பூவும் பொட்டுமாப் போறவளைக் கண்ணில்லாம அனுப்பவா?" அதற்கு மேல் நாங்கள் என்ன பேசுவது? முற்றத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர், அவர் கணவர், எழுந்து வந்தார். "ரெண்டு வருசம் கண்ணு தெரியாம அடுப்படியில தட்டித் தடவிக்கிட்டு இருந்தா. இவங்க முகாமுலதான் பார்வை வந்துச்சு. எடுத்துக்கிரட்டும்" என்றார். புரை ஆபரேஷன் செய்த கண்ணைத் தரலாமா என்று அவருக்கே சந்தேகம். தரலாம். கருவிழி நன்றாக இருந்தால் போதும். சர்க்கரை நோய் இருந்தாலும், கண்ணாடி போட்டிருந்தாலும் தடையில்லை. குழு விடியற்காலை மூன்று மணிக்கு வந்து சேர்ந்தது. இருபது நிமிட வேலைதான். காலையில் முகம் பார்க்க வந்தவர்களுக்கு வித்தியாசமே தெரியவில்லை. அந்தப் பெரியம்மாவும் கிட்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் ஒன்றும் சொல்லாமல் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்.

இனிமேல் அட்டை வாங்குவதில்லை என்று செயற்குழு முடிவு செய்திருக்கிறது. வீட்டுக்குப் போய், மனைவி மக்களை உட்கார வைத்துப் பேசுவோம்.

ரத்ததானம் இரண்டு முறை நடந்தது. கல்லூரியில் நடந்ததைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 18 வயது, 45 கிலோ எடை, ஹீமோகுளோபின் 12.5. இந்த மூன்றும் இருந்தால்தான் ஊசி. ஆசையாக வரிசையில் நின்ற பெண் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ஹீமோகுளோபின் குறைவென்று திருப்பி அனுப்பினார்கள். முந்தைய வருடங்களில் அந்தப் பிள்ளைகளுக்கு பிஸ்கட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டு, எத்தனை யூனிட் சேர்ந்தது என்று மட்டும் எழுதிக்கொண்டோம். இந்த முறை அவர்கள் சம்மதத்தோடு பட்டியலை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனோம். இரும்புச்சத்து மாத்திரை கிடைத்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி ஊசி முனையில் குத்திப் பார்த்தபோது ஒன்பது பேர் 12.5ஐத் தாண்டியிருந்தார்கள். மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று பாதியில் நிறுத்தியவர்களும் உண்டு. ரத்தம் எடுப்பதைவிட இது பெரிய வேலை என்று எனக்குப் படுகிறது.

பனை விதை விவகாரம். சிரிக்காதீர்கள். புரட்டாசியில், உரிய அனுமதி வாங்கி, கண்மாய்க் கரையில் ஐந்நூறு விதை ஊன்றினோம். மாநில மரம், கரையைப் பிடிக்கும், ஆடு மேயாது, தண்ணீர் ஊற்ற வேண்டாம். எல்லாம் சரி. இரண்டு மாதத்தில் "ஒண்ணுமே முளைக்கலையே, காசு வீண்" என்று புகார் வந்தது. பனை அப்படித்தான். முதலில் முளை கீழ்நோக்கித்தான் இறங்கும், இலை வெளியே வர மாசக்கணக்கில் ஆகும். பொறுங்கள் என்றேன். பொங்கல் கழித்துப் போய்ப் பார்த்தால் கரையில் வரிசையாகக் குழி. பக்கத்துத் தெருப் பிள்ளைகள் தோண்டி, கிழங்கை அவித்து, உப்பும் மஞ்சளும் போட்டுச் சாப்பிட்டுவிட்டார்கள். புரட்டாசியில் ஊன்றினால் தையில் கிழங்கு என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும், ஐந்நூறு விதை ஊன்றிய நமக்கு மட்டும் உறைக்கவில்லை. இயந்திரத்தை வைத்து மண்ணைப் பொலபொலவென்று கிளறிக் கொடுத்ததும் நாம்தான். இறுகிய மண்ணில் கடப்பாரையால் குழி போட்ட தெற்குக் கரையில் யாரும் கை வைக்கவில்லை. அங்கே எண்பதுக்கு மேல் இருக்கிறது. போலீசில் சொல்லலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னது குறிப்பில் ஏறவில்லை. வரும் வருடம் பள்ளிக்குப் பின்னால் கிழங்குப் பாத்தி ஒன்று தனியாகப் போட்டு அதைப் பிள்ளைகளுக்கே விட்டுவிடலாம், கரையில் கடப்பாரைக் குழிதான் என்று தீர்மானம்.

ஆடிப்பூரத் தேரோட்டத்தன்று நீர்மோர்ப் பந்தல். முந்தைய வருடம் காகிதக் கப் குப்பையைத் தேர் போன பிறகு சாயங்காலம் வரை பொறுக்கினோம். இந்த வருடம் எவர்சில்வர் டம்ளர் வைத்தோம். "எச்சில் பட்டதில் யார் குடிப்பா" என்று பயந்தார்கள். நம் ஊரில் எல்லோரும் அண்ணாந்துதான் குடிக்கிறார்கள். பிரச்சினையே இல்லை. இருநூறு டம்ளரில் இருநூற்று மூன்று திரும்பி வந்தது. அந்த மூன்றும் யாருடையவை என்று தெரியவில்லை, சங்க அறையில் இருக்கின்றன.

ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, அங்கேயே நின்று கொட்டியது. விழுப்புரம், கடலூர் பக்கம் தென்பெண்ணையில் வெள்ளம். இரண்டே நாளில் ஒரு வண்டி நிறையத் துணி அனுப்பினோம், படமும் எடுத்துக்கொண்டோம். கூடப் போன நம் இளைஞர்கள் அங்கிருந்து போன் செய்தார்கள். "இங்க துணி மலை மாதிரி கெடக்கு, சார். வீட்டுக்குள்ள முழங்கால் சேறு. வழிக்க மம்பட்டி இல்ல." மூட்டையைப் பிரித்தபோது ஒற்றைச் செருப்பும் பட்டுச் சட்டையும் வந்ததையும் சொன்னார்கள், எனக்குத் தலை குனிந்துவிட்டது. இரண்டாவது வண்டியில் மம்பட்டி, விளக்குமாறு, பிளீச்சிங் பவுடர், பாய், நாப்கின், கொசுவத்தி போயின. அதற்குப் படம் இல்லை.

மற்றவை: நோட்டுப் புத்தகம் வழங்கியது, சுதந்திர தினக் கொடியேற்றம், கோலப்போட்டி. நன்றாக நடந்தன. கோலப்போட்டியில் முதல் பரிசு பற்றிய மனஸ்தாபம் இன்னும் தீரவில்லை, அதில் நான் தலையிட விரும்பவில்லை.

சால்வை பற்றி. கணக்கைப் பார்த்தால் சால்வை, மாலை, ஃப்ளெக்ஸ் மூன்றுக்குமாக ஆன செலவு, சொட்டு மருந்துச் செலவைத் தாண்டியிருந்தது. ஐப்பசியிலிருந்து கைத்தறித் துண்டு மட்டும் என்று மாற்றினோம். ஒரு சிறப்பு விருந்தினர் துண்டைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பேச்சைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். அதுவும் நல்லதாகப் போயிற்று.

1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி தாக்கல் செய்ய வேண்டிய கணக்கும் பட்டியலும் போன முறை தாமதமாகி, அபராதம் கட்டினோம். தாமதம் என்னால்தான். தொகையை நான் சங்கத்துக்குத் திருப்பிக் கட்டிவிட்டேன், ரசீது பொருளாளரிடம் இருக்கிறது. இப்போது அவர் வரவு செலவை வாசிப்பார்.

அதற்கு முன் ஒன்று: நீர்மோர்ப் பந்தலுக்கு எடுத்துப் போன பெரிய அண்டா வந்துவிட்டது, மூடி வரவில்லை. யார் வீட்டில் இருந்தாலும் ஆடி பிறப்பதற்குள் கொண்டுவந்து வைத்துவிடுங்கள். கேள்வி கேட்க மாட்டோம்.

இப்படிக்கு,
செயலாளர்