மூன்றாவது தடவையும் அதே இலக்கணமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருளியல் என்றால் என்ன என்பதற்கு அறிஞர்கள் தந்த வரையறையைத்தான் இலக்கணம் என்கிறோம். செல்வ இலக்கணம் ஆடம் ஸ்மித், நல இலக்கணம் மார்ஷல், பற்றாக்குறை இலக்கணம் ராபின்ஸ். பிளஸ் ஒன்னில் பொருளியல் எடுத்தவர்களுக்கு இது தலைகீழ்ப் பாடம். அவர்களே பி.ஏ. பொருளியலில் சேர்ந்தால் முதல் பருவத்தில் மறுபடி இதே மூன்று பெயர்கள், இதே வாக்கியங்கள். நாட்டு வருமானமும் அப்படித்தான். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் ஒரு முறை, பிளஸ் டூவில் ஒரு முறை, கல்லூரியில் நாட்டின் மொத்தப் பொருளாதாரத்தைப் பேசும் பேரியல் தாளில் இன்னொரு முறை. மாணவர்கள் கடைசி பெஞ்சில் தூங்கினால் அவர்களைக் கோபித்துப் பயனில்லை.

காரணம் புரியாததல்ல. அறிவியல் பிரிவில் படித்தவர்களும் இந்தப் பட்டப்படிப்பில் சேர்கிறார்கள். அவர்களுக்காக ஆசிரியர் ஆனா ஆவன்னாவிலிருந்து தொடங்குகிறார். மற்றவர்கள் காத்துக் கிடக்கிறார்கள்.

அந்த நேரத்தில் என்னென்ன நடத்தலாம்! தேவை நெகிழ்ச்சியை எடுத்துக்கொள்வோம். விலை ஒரு சதவீதம் மாறினால் வாங்கும் அளவு எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதுதான் அது. தக்காளி கிலோ 40 ரூபாயிலிருந்து 50 ஆகிறது, ஒரு கடையில் விற்பனை 100 கிலோவிலிருந்து 80 ஆகிறது. விலை ஏறியது 25 சதவீதம், விற்பனை இறங்கியது 20 சதவீதம், நெகிழ்ச்சி 0.8. இதையே விலை 50இலிருந்து 40க்கு இறங்கியதாகப் போட்டால் விலை இறங்கியது 20 சதவீதம், விற்பனை ஏறியது 25 சதவீதம், நெகிழ்ச்சி 1.25 வருகிறது. புள்ளிகள் அவையேதான். சதவீதம் எடுத்த அடிப்படை எண்தான் மாறிவிட்டது. நெகிழ்ச்சி 1க்குக் குறைவென்றால் விலை ஏறிய அளவுக்கு விற்பனை இறங்கவில்லை என்று பொருள். எனவே 0.8 சரியென்றால் விலையேற்றத்தில் வருவாய் கூடியிருக்க வேண்டும். கல்லாவிலோ முன்பும் 4,000, இப்போதும் 4,000. சராசரி விலை 45, சராசரி அளவு 90 என்று வைத்துப் போட்டால் எந்தப் பக்கமிருந்து வந்தாலும் நெகிழ்ச்சி 1. சூத்திரம் மட்டும் படித்தவர் தடுக்கி விழும் இடம் இது. ஒரு பீரியட் போதும்.

விலைவாசிக் குறியீட்டிலும் இப்படியொரு குழி உண்டு. அரிசி 10 சதவீதம், பெருங்காயம் 40 சதவீதம் ஏறினால், இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 25 என்று எழுதிவிடுகிறார்கள். இவை இரண்டுக்கும் ஆகும் செலவில் அரிசியின் பங்கு 95, பெருங்காயத்தின் பங்கு 5 என்றால் ஏற்றம் 11.5 சதவீதம்தான். வீட்டு மளிகைச் சிட்டையைக் கொண்டுவரச் சொல்லி வகுப்பிலேயே போட்டுப் பார்க்கலாம்.

சேர்க்கை முடிந்த முதல் வாரத்தில் 20 மதிப்பெண்ணுக்கு ஒரு சிறு தேர்வு வைக்க வேண்டும். அதில் இலக்கணம் வேண்டாம். கணக்கும் வரைபடமும் மட்டும். பொருளியலுக்குப் புதியவர்களுக்கு 12 மணி நேரம் தனி வகுப்பு. அதே மணிகளில் மற்றவர்களுக்கு மேலே சொன்ன மாதிரிக் கணக்குகள்.

இதற்குக் குறுக்கே நிற்பது வினாத்தாள். 'ராபின்ஸின் இலக்கணத்தை விளக்குக' என்ற கேள்வி வரும் என்று தெரிந்தால் எந்த ஆசிரியரும் அதை விட்டுவிட்டுத் தக்காளிக் கணக்குக்குப் போகமாட்டார். பள்ளியில் கேட்ட இலக்கண வினாக்களை நீக்கி, அந்த மதிப்பெண்களைக் கணக்குகளுக்கு மாற்றப் பாடத்திட்டக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே முடிவெடுக்கலாம். அதற்குப் புதுப் பாடநூல்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
பொருளியல் ஆசிரியர்கள் சிலர்,
மதுரை.