தென்னம்பிள்ளை நட்ட கையோடு ஒரு நன்றி மடல்

கஜா புயலில் எங்கள் ஊருக்குக் கைகொடுத்த அன்பானவர்களுக்கு,

இந்த மடலைப் போன டிசம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் எழுதிவிடுங்கள் என்று பங்குச்சாமி (எங்கள் பங்கின், அதாவது கோயில் வட்டத்தின், பாதிரியார்) சொன்னார். ஊர்ப் பேரவைச் செயலாளர் என்ற முறையில் நானும் தலையாட்டி வைத்தேன். கரண்ட் வரட்டும், உட்கார்ந்து எழுதலாம் என்று இருந்தேன். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்தது புயல் அடித்து 31ஆம் நாள். வந்த பிறகு தோப்பில் வேலை சரியாக இருந்தது. பொங்கலும் போய்விட்டது. நேற்றுதான் முதல் 20 தென்னம்பிள்ளைகளைக் குழியில் இறக்கினோம். நகக்கண்ணில் இன்னும் மண் இருக்கிறது. இதற்கு மேலும் தள்ளிப்போட்டால் நன்றி கெட்டவன் என்ற பெயர்தான் மிஞ்சும்.

எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டத்துப் பேராவூரணிக்கும் சேதுபாவாசத்திரத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை விட்டு இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. பெயரைச் சொன்னால் பஸ் கண்டக்டரே யோசிப்பார். ஓர் அந்தோணியார் கோயில், அதற்கு 84 குடும்பங்கள். மாதம் இரண்டு ஞாயிறு பூசை நடக்கும் கிளைக் கிராமம். இப்படி ஓர் ஊரை எப்படிக் கண்டுபிடித்து வந்தீர்கள் என்று இன்றும் எங்களுக்குள் பேசிக்கொள்கிறோம்.

2018 நவம்பர் 15 இரவு, நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் புயல் கரை ஏறும் என்று டிவியில் சொன்னார்கள். நமக்கு ஓரக்காற்றுதான் என்று நினைத்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தோம். கஜா என்றால் யானையாம், இலங்கை வைத்த பெயராம். அதைக்கூடச் சிரித்துக்கொண்டேதான் பேசினோம். நடுச்சாமத்துக்கு மேல் முதலில் வடக்கிலிருந்து அடித்தது. ஓட்டு வீட்டுக்காரர்களும் கூரை வீட்டுக்காரர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடிவந்தார்கள். ஊரிலேயே தளம் போட்ட பெரிய கட்டடம் அதுதான். ஆடுகளும் வந்தன, யாரும் விரட்டவில்லை. கொஞ்ச நேரம் அடங்கியது போலிருந்தது. விட்டுவிட்டது என்று இரண்டு பேர் எழுந்து கதவருகே போனார்கள். அப்புறம் தெற்கிலிருந்து அடித்தது பாருங்கள், முன்பு அடித்ததெல்லாம் காற்றே இல்லை என்று ஆகிவிட்டது.

விடிந்து கதவைத் திறந்தபோது வானம் தெரிந்தது. இதை வெளியூர்க்காரர்களுக்கு எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் வாசலில் நின்று அண்ணாந்தால் மட்டைதான் தெரியும். அன்றைக்கு நேரே வானம் தெரிந்தது. எனக்கு 212 மரங்கள் இருந்தன. எண்ணிப் பார்த்தேன், 19 நின்றன. அப்பா நட்டவை பாதி, நான் நட்டவை பாதி.

முதல் நாள் வெளியிலிருந்து யாரும் வரவில்லை. வர வழியில்லை, ரோடு முழுக்க மரம். இரண்டாம் நாள் காலை மரங்களுக்கு மேலே பைக்கைத் தூக்கித் தூக்கி வைத்து, மல்லிப்பட்டினத்திலிருந்து ஜமாஅத் இளைஞர்கள் ஆறு பேர் வந்தார்கள். கையில் இரண்டு அண்டா எலுமிச்சைச் சோறு. அவர்கள் துறைமுகத்தில் படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கிக் கிடந்த நேரம் அது. எங்களைக் கவனிப்பதற்கு முன்னால் அவர்களுக்கே ஆயிரம் வேலை இருந்திருக்கும். அந்தச் சோற்றுக்கு முதல் நன்றி. சோறு தீர்ந்த பிறகுதான் ஊர் பெயரைக் கேட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நான்காம் நாள் குமரி மாவட்டத்துக் கடற்கரையிலிருந்து, தூத்தூர் பக்கத்துப் பங்குகளைச் சேர்ந்தவர்கள் ஒரு வேனில் வந்தார்கள். அரிசி மூட்டையை இறக்கப் போகிறார்கள் என்று நாங்கள் சுற்றி நின்றோம். வேனிலிருந்து முதலில் இறங்கியது ஒரு நோட்டு. “லிஸ்ட் எடுத்தாச்சா?” என்று கேட்டார் அதைக் கையில் வைத்திருந்த தம்பி. எடுக்கவில்லை. “எடுக்காம எதையும் இறக்காதீங்க” என்றார்.

அவர்களுக்கு 2017 நவம்பர் 30இல் ஒக்கி புயல் அடித்தது. எங்களுக்கு முன்னால் ஒரு வருஷம்கூட முழுதாக ஆகவில்லை. கடலில் எத்தனை பேர், எந்தப் படகில் யார், கரைக்கு வந்தவர் யார், வராதவர் யார் என்று ஊர் ஊராகக் கணக்கெடுத்தது அந்தப் பங்குகள்தான். திரும்பி வராதவர்களின் பெயர்களை எழுதிப் பழகிய கை அது. அந்தக் கையால் எங்கள் வீடுகளை எழுதினார்: கூரை போனவை, சுவர் போனவை, கைக்குழந்தை, மாசமாக இருப்பவர், சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர், தனியாக இருக்கும் கிழவிகள். ஒரு பக்கத்தை நானே எழுதினேன். பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை மூன்று நாளாக இல்லை என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனைக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

அவர்கள் கொண்டுவந்த தார்ப்பாயையும் சொல்ல வேண்டும். தார்ப்பாய் நிறையப் பேர் கொடுத்தார்கள், எல்லோருக்கும் நன்றி. ஆனால் கயிறும் சேர்த்துக் கொண்டுவந்தவர்கள் இவர்கள் மட்டும்தான். காற்று வந்தால் இறுகும், நாம் இழுத்தால் அவிழும் ஒரு முடிச்சை வீடு வீடாகப் போட்டுக் காட்டினார்கள். அடுத்த வாரம் மறுபடியும் மழை வந்தபோது அந்த முடிச்சு போட்ட தார்ப்பாய் ஒன்றும் பறக்கவில்லை. நாங்கள் கட்டியவை மூன்று பறந்தன.

அதே மாவட்டத்திலிருந்து, ஆனால் மலைப்பக்கம் குலசேகரத்திலிருந்து, சி.எஸ்.ஐ. சபை வாலிபர்கள் மரம் அறுக்கும் மெஷின் இரண்டோடு வந்தார்கள். ஒக்கியில் ரப்பர் மரங்கள் விழுந்த தோட்டங்களில் வேலை பார்த்த பிள்ளைகள். தென்னை அவர்களுக்குப் புதிது. நாரில் சங்கிலி சிக்குகிறது என்று முதல் நாள் திணறினார்கள். மறுநாள் எங்கள் ஆட்களுக்கே சொல்லிக்கொடுத்தார்கள். விழுந்த மரத்தை அப்படியே போட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டை வைக்கும், நின்ற மரத்தையும் அது தின்றுவிடும் என்பது தென்னை வைத்தவனுக்குத் தெரியும். ஆனால் ஊரில் எல்லாருடைய மரமும் ஒரே ராத்திரியில் விழுந்தால் அறுக்க ஆள் எங்கே? விழுந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்று அரசு அறிவித்தது. அதில் 500 வெட்டி அப்புறப்படுத்தும் கூலிக்கு. ரூபாய் வரும் வரை மரம் காத்திருக்கும், வண்டு காத்திருக்காது. ஒன்பது நாள் தங்கி, கோயில் வராண்டாவில் படுத்து, மூன்று வேளையும் தேங்காய்த் துவையலே சாப்பிட்டு (எங்களிடம் அப்போது அதுதான் ஏராளம்) வேலை பார்த்த பிள்ளைகளே, உங்கள் அம்மாக்களுக்கும் நன்றி.

இனி சொல்லப் போவது கொஞ்சம் சங்கடமான விஷயம். 2018 ஆகஸ்டில் கேரளத்தில் வெள்ளம் வந்தபோது எங்கள் பங்கிலும் பொருள் சேர்த்தோம். அரிசி கொடுத்தோம், பருப்பு கொடுத்தோம். பழைய துணியும் மூட்டை மூட்டையாகக் கட்டினோம். நானே கரை கிழிந்த வேட்டி இரண்டை மடித்துப் போட்டேன், புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு. நவம்பர் கடைசியில் குட்டநாட்டுப் பக்கத்துப் பங்கு ஒன்றிலிருந்து ஏழு பெண்கள் ஒரு டெம்போவில் வந்தார்கள். ஆகஸ்டில் அவர்கள் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். வந்தவர்கள் பைகளை அடுக்கினார்கள். ஒவ்வொரு பையிலும் புது உள்ளாடைகள், மேலே அளவு எழுதி ஒட்டியிருந்தது. நாப்கின், கொசுவர்த்தி, மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, கிணற்றுக்குப் பிளீச்சிங் பவுடர். “பழைய துணி வேண்டாம்னு வண்டி ஏற்றும்போதே சொல்லிட்டோம்” என்றார் ஒரு சேச்சி, அரைத் தமிழில். குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எங்களிடமிருந்து என்ன போனது என்று அவருக்குத் தெரியவும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியுமே. அன்றைக்கு எங்கள் கோயில் மூலையிலும் யார் யாரோ அனுப்பிய பழைய துணி ஆளுயரத்துக்குக் குவிந்து, மழையில் நனைந்து நாறிக்கொண்டிருந்தது. குட்டநாட்டுச் சேச்சிகளே, நன்றியோடு ஒரு மன்னிப்பும் உங்களுக்குத் தர வேண்டியிருக்கிறது.

இன்னொரு மன்னிப்பு ஊருக்குள்ளேயே கேட்க வேண்டியது. லாரிகள் மெயின் ரோட்டிலேயே மறிக்கப்பட்டன, அங்கேயே இறக்கப்பட்டன. உள்ளே வந்தவை கோயில் தெருவோடு நின்றன. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் காலனி 23 வீடுகள். அவர்களும் இதே கோயில் மக்கள்தான். ஐந்தாம் நாள் வரை அங்கே ஒரு பிஸ்கட் பாக்கெட்கூடப் போகவில்லை. நாங்கள் யாரும் தடுக்கவில்லை. ஆனால் போய்ச்சேர்ந்ததா என்று யாரும் போய்ப் பார்க்கவும் இல்லை. தூத்தூர்த் தம்பியின் நோட்டைப் புரட்டிய கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒருவர்தான், “கடைசி வீட்டிலிருந்து ஆரம்பிப்போம்” என்றார். இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். அவர் காதில் வாங்காமல் அரிசிப் பையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கிவிட்டார். முழங்கால் வரை தண்ணீர். அதற்குப் பிறகு யாரால் நிற்க முடியும்? பின்னாலேயே போனோம். அன்றிலிருந்து எது வந்தாலும் கடைசி வீட்டிலிருந்துதான். சிஸ்டருக்கு நன்றி சொன்னால் திட்டுவார், பரவாயில்லை, எழுதிவிட்டேன்.

எங்கள் ஊரிலேயே இருக்கும் பெந்தெகொஸ்து சபையாருக்கு வருகிறேன். அவர்கள் ஆராதனை நடத்திய ஷெட்டின் தகரம் முழுக்கக் குளத்தில் கிடந்தது. கீபோர்டு, மைக் செட் எல்லாம் நனைந்து போயின. அப்படியிருந்தும் முதல் நாள் எங்கள் கோயில் வாசலில் விழுந்த புளியமரத்தை அரிவாளாலேயே வெட்டி வழிவிட்டது அவர்கள் பையன்கள்தான். இத்தனை வருஷம் எங்களுக்குள் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது. சுரூபம் வைத்துக் கும்பிடுகிறவர்கள் என்று அவர்கள் எங்களைச் சொல்வார்கள், கத்துகிறவர்கள் என்று நாங்கள் அவர்களைச் சொல்வோம். நவம்பர் 18 ஞாயிறு, எங்கள் பூசை முடிந்ததும் வராண்டாவில் உட்கார்ந்து ஜெபித்துக்கொள்ளலாமா என்று பாஸ்டர் தயங்கித் தயங்கிக் கேட்டார். உள்ளே வாருங்கள் என்றோம், வேண்டாம் என்றுவிட்டார்கள். 25ஆம் தேதி கிறிஸ்து அரசர் பெருவிழா. அன்றைக்கு வராண்டாவில் எங்கள் பிளீச்சிங் பவுடரும் அரிசியும் அடுக்கியிருந்ததால் அவர்களுக்கு உட்கார இடமில்லை. உள்ளே வந்து, அந்தோணியாருக்கு முதுகு காட்டாமலும் முகம் காட்டாமலும் ஒரு மாதிரி பக்கவாட்டில் உட்கார்ந்தார்கள். கோயில் வேலைகளைப் பார்க்கும் எங்கள் கோயில்பிள்ளை பார்த்துவிட்டு, தானாகவே போய் அவர்களுக்குப் பாய் விரித்துக் கொடுத்தார். கிறிஸ்துமஸ் வரை அப்படியே நடந்தது. ஜனவரியில் அவர்களுக்குத் தகரம் போட்டபோது எங்கள் ஆட்கள் 11 பேர் ஏறினார்கள். ஒரு விஷயம் ரகசியமாகச் சொல்கிறேன்: அவர்கள் பாட்டு எங்கள் பாட்டை விட நன்றாகத்தான் இருக்கிறது.

டவுனிலுள்ள லுத்தரன் சபையார் தங்கள் ஜெனரேட்டரை வாரத்தில் இரண்டு நாள் எங்களுக்கு விட்டார்கள். அதில் தண்ணீர்த் தொட்டி நிரம்பியது, ஊரே போன் சார்ஜ் போட்டது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளோடு தாய்மார் பேசியது அந்த இரண்டு நாள்களில்தான். நடுவில் நின்று எல்லாவற்றையும் ஒருங்கிணைத்த மறைமாவட்டச் சமூகப்பணியாளர்களுக்கும், கிறிஸ்துமஸ் செலவைக் குறைத்து அந்தப் பணத்தை அனுப்பிய திருச்சி, மதுரைப் பக்கத்துப் பங்குகளுக்கும் நன்றி. பெரிய தொகை அனுப்பியவர்கள் பெயர் போட வேண்டாம் என்றார்கள், போடவில்லை.

மின்கம்பம் நட்டவர்களை விட்டுவிட்டால் பாவம். வெளிமாவட்டத்திலிருந்தும் கேரளம், ஆந்திரத்திலிருந்தும் வந்தார்கள். சேற்று வயலில் வண்டி இறங்காத இடத்தில் கம்பத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எங்கள் தெருவில் பல்பு எரிந்த இரவு பிள்ளைகள் போட்ட கூச்சலில் அவர்களுக்கு ஒழுங்காக நன்றி சொல்லக்கூட முடியவில்லை. ஒரு டீ மட்டும் கொடுத்தோம்.

கணக்கு: வந்த பணத்தில் செலவு போக 11,340 ரூபாய் மீதம். ரசீதுகள் சாக்ரிஸ்தியில் (பூசைப் பொருள்கள் வைக்கும் அறையில்) இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். தார்ப்பாய் 14 காய வைத்து மடித்துக் கயிறோடு கட்டி வைத்திருக்கிறோம். குலசேகரத்துப் பிள்ளைகள் ஒரு மெஷினை இங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். எப்போது திருப்பிக் கொடுக்க என்று கேட்டதற்கு, “இங்க கொண்டு வராண்டாம், அடுத்து எங்க புயலடிக்கோ அங்க கொண்டு போங்க” என்றார்கள். எண்ணெய் போட்டுத் துடைத்து வைத்திருக்கிறோம். நோட்டும் அதன் பக்கத்தில்தான் இருக்கிறது, பாதிப் பக்கங்கள் காலி.

நேற்று நட்டது நெட்டை ரகம். காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். எனக்கு இப்போது 61. நின்ற 19 மரங்களில் நான்கில் நல்ல இளநீர் இருக்கிறது. இந்தப் பக்கம் வந்தால் முந்தின நாளே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள், ஆளை ஏற்றி ஒரு குலை இறக்கி வைக்கிறோம்.

அந்தோணியார் கோயில் ஊர் மக்கள் சார்பாக,
பேரவைச் செயலாளர்
ஜனவரி 2019