மூன்று மாதச் சிப்பாய்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடரை முதல் வாரத்திலிருந்தே விடாமல் படித்து வருகிறேன். நல்ல உழைப்பு தெரிகிறது. ஆனால் 1861 ஏப்ரல் 15 அன்று தெற்கு மாநிலங்களின் கலகத்தை அடக்க அதிபர் லிங்கன் கேட்ட 75,000 மிலிஷியாக்காரர்களை (மாநிலங்களின் பகுதிநேரக் குடிமக்கள் படையினரை), மூன்று மாதம் வந்துவிட்டுப் போன கத்துக்குட்டிகள் என்று போன இதழில் ஒரே வரியில் தள்ளிவிட்டீர்கள். மனசு ஆறவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வடக்கே மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 6வது மிலிஷியா ரெஜிமென்டையே (படைப்பிரிவையே) எடுத்துக்கொள்ளுங்கள். லோவெல், லாரன்ஸ் என்று பஞ்சாலை ஊர்க்காரர்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். பிழைப்பு ஒரு பக்கம், ஓய்வு நேரத்தில் கவாத்து, அவ்வளவுதான் அவர்களுக்கு இருந்த பயிற்சி. அழைப்பு வந்த மறுநாளே லோவெலில் கூடி, 17ஆம் தேதி பாஸ்டனில் ரயிலேறிவிட்டார்கள்.

19ஆம் தேதி பால்டிமோர், தெற்குக்கு ஆதரவானவர்கள் நிறைய இருந்த ஊர். அங்கே ஒரு ஸ்டேஷனிலிருந்து இன்னொரு ஸ்டேஷனுக்குப் போனால்தான் வாஷிங்டன் ரயில். ஊருக்குள் எஞ்சின் ஓடக்கூடாது என்பதால் பெட்டிகளைக் குதிரை கட்டி பிராட் தெரு வழியாக இழுத்துப் போவார்கள். முதலில் போன பெட்டிகள் கல்லடி பட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தன. அப்புறம் கூட்டம் தண்டவாளத்தில் மணலைக் கொட்டி, துறைமுகத்து நங்கூரங்களையும் இழுத்துப் போட்டுவிட்டது. மிச்சமிருந்த நாலு கம்பெனி (ரெஜிமென்டின் உட்பிரிவு), சுமார் 220 பேர், இறங்கி நடந்தார்கள். கல், செங்கல், பிறகு துப்பாக்கிச் சூடு. வைதாலும் கல்லெறிந்தாலும் கண்டுகொள்ளாமல் நேரே பார்த்து நடங்கள், சுட்டால் மட்டும், அதுவும் கூட்டத்தைப் பார்த்துச் சுடாமல் உங்களைக் குறிவைக்கிறவனைப் பார்த்துச் சுடுங்கள் என்று கர்னல் எட்வர்ட் ஜோன்ஸ் ரயிலிலேயே சொல்லி வைத்திருந்தார். அந்தத் தெருவில் அது முழுசாக நடக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும், வேடிக்கை பார்க்க நின்றவர்களும் செத்தார்கள். ஊர்க்காரர்கள் 12 பேர், சிப்பாய்கள் 4 பேர். அந்த நாலு பேரில் லூதர் லாட் என்ற மெக்கானிக் பையனுக்கு வயது 17.

இவர்கள் போய்ச் சேர்ந்ததால் என்ன ஆயிற்று என்று கேட்கலாம். அன்று மாலையே வாஷிங்டன் போய், செனட் சபை மண்டபத்திலேயே படுத்துத் தூங்கினார்கள். அடுத்த சில நாட்களில் பால்டிமோரைச் சுற்றியுள்ள ரயில் பாலங்கள் எரிக்கப்பட்டன, தந்தி அறுந்தது, தலைநகரம் தனியாக மாட்டிக்கொண்டது. நியூயார்க் 7வது ரெஜிமென்ட் வரும், ரோட் ஐலண்ட் படை வரும் என்று லிங்கன் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் அவை. காயம்பட்ட இந்த 6வது ரெஜிமென்ட்காரர்களைச் சந்தித்தபோது, வடக்கு என்று ஒன்று இருப்பதாகவே எனக்கு நம்பிக்கை இல்லை, நீங்கள் மட்டும்தான் நிஜம் என்கிற மாதிரி அவர் சொன்னது பதிவாகியிருக்கிறது. நாட்டின் தலைவரே அப்படிச் சொன்னவர்களைத்தான் நாம் கத்துக்குட்டிகள் என்கிறோம்.

வந்து போனார்கள் என்பதும் சரியில்லை. 1862இல் அதே ரெஜிமென்ட் ஒன்பது மாதச் சேவைக்குத் திரும்ப வந்து வர்ஜீனியாவில் சஃபோக் பக்கம் இருந்தது. 1864இல் மூன்றாவது தடவையாக 100 நாள், டெலவேர் கோட்டையில் போர்க்கைதிகளுக்குக் காவல். பெரிய சண்டை எதுவும் இல்லாத வேலைதான், ஆனால் யாராவது அங்கே நின்றால்தானே பழகிய படை முன்னால் போக முடியும்?

இன்னொன்று. 6வது ரெஜிமென்டுக்கு ஒரு நாள் முன்னால், 18ஆம் தேதி, பென்சில்வேனியாவிலிருந்து வந்த சிறு படையோடு நிக்கோலஸ் பிடில் என்ற கறுப்பின முதியவரும் அதே பால்டிமோர் வழியாகப் போனார். கறுப்பர் என்பதால் முறையாகச் சேர்க்க மாட்டார்கள், கேப்டனின் உதவியாளாகச் சீருடையில் வந்தவர். கூட்டம் எறிந்ததில் தலை உடைந்து ரத்தம் கொட்டியது. 1863இன் கெட்டிஸ்பர்க் பெருஞ்சண்டைக்குத் தொடர் போவதற்கு முன் லாட், பிடில் இரண்டு பேருக்கும் சேர்த்துத் தொடரில் ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள். தளபதிகளுக்குத்தான் ஏற்கெனவே நிறையப் பக்கம் போயிருக்கிறதே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், ராஜபாளையம்