அப்பாவின் 60 சதவீதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவப் பக்கத்தை ஒரு வாரம்கூட விடாமல் படிப்பவள் நான். சென்ற வாரம் இதய நோய் பற்றி வந்த கட்டுரையில் ‘இதயச் செயலிழப்பு’ என்ற சொல் ஏழெட்டு இடங்களில் வந்திருந்தது. அது என்ன என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. படித்து முடித்த என் அத்தை, “செயலிழந்துபோச்சுன்னா அப்புறம் மருந்து எதுக்கு?” என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. செயலிழப்பு என்றால் நின்றுபோய்விட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும்.

டாக்டர்கள் ‘ஹார்ட் ஃபெயிலியர்’ என்று சொல்லும்போது இதயம் நின்றுவிட்டது என்று சொல்வதில்லை. உடம்புக்கு வேண்டிய அளவு ரத்தத்தை அனுப்ப அது திணறுகிறது என்கிறார்கள். அதனால்தான் காலில் நீர் கோக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. இதற்கு மருந்துகள் உண்டு. அவற்றை ஒழுங்காகச் சாப்பிட்டுப் பல வருடம் நடமாடுகிறவர்களும் உண்டு. இதயம் திடீரென்று துடிப்பதையே நிறுத்திவிடுவது ‘கார்டியாக் அரெஸ்ட்’. இதயத் தசைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அடைத்துக்கொள்வது மாரடைப்பு. ஒன்றிலிருந்து இன்னொன்று வரலாம், ஆனால் மூன்றும் வேறு வேறு. இந்த நாலைந்து வரிகள் கட்டுரையில் இருந்திருந்தால் அத்தைக்கு அந்தக் கேள்வியே வந்திருக்காது.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முன் இதயத்தை எக்கோ எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார்கள். ரிப்போர்ட் கையில் வந்தது, டாக்டரைப் பார்க்க இன்னும் பதினோரு நாள் இருந்தது. அதில் ‘எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 60 சதவீதம்’ என்று ஒரு வரி. அப்பா கணக்கு வாத்தியாராக இருந்தவர். ரிப்போர்ட் வந்த உறையின் பின்பக்கத்தில் பென்சிலால் 100 - 60 = 40 என்று எழுதி, 40-ஐச் சுற்றி வட்டம் போட்டு வைத்திருந்தார். இதயத்தில் 40 சதவீதம் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. மாடிப்படி ஏறுவதை நிறுத்தினார், படுக்கையைக் கீழே கொண்டுவரச் சொன்னார். ஒருநாள் அம்மாவை உட்கார வைத்து வங்கிக் கணக்கு விவரங்களையெல்லாம் எடுத்துக் காட்டியபோதுதான் எங்களுக்கே விஷயம் தெரிந்தது.

பதினோராவது நாள் டாக்டர் ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். இதயத்தின் இடது கீழ் அறை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உள்ளே இருக்கும் ரத்தத்தில் எவ்வளவு பங்கை வெளியே தள்ளுகிறது என்பதுதான் அந்த எண். எந்த மனிதனுக்கும் அந்த அறை முழுசாகக் காலியாவதில்லை. 55 முதல் 70 வரை இருந்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். 100 என்று யாருக்குமே வராது. அப்புறம் டாக்டர், “ஐயா, நான் சொன்னதை நீங்க ஒருதடவை உங்க வார்த்தையில சொல்லுங்க” என்றார். அப்பா சொன்னார். சொல்லி முடிக்கும்போது குரல் உடைந்துவிட்டது. நோயாளி புரிந்துகொண்டாரா என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லித் தெரிந்துகொள்ளும் இந்த வழியை டாக்டர்களுக்குப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பது உண்டாம். எல்லா டாக்டருக்கும் இதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் பத்திரிகையை நம்பி எழுதுகிறேன்.

அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டேன். வீட்டில், தெரிந்தவர்களிடையில் எந்த மருத்துவச் சொல் குழப்பினாலும் எழுதிவைத்து, அடுத்த முறை டாக்டரிடம் கேட்டுவிடுவேன். முதல் பக்கத்தில் இருப்பது ‘நெகட்டிவ்’. தேடியது கிடைக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். கிருமி இருக்கிறதா என்று தேடினார்கள், காணவில்லை. புற்றணு இருக்கிறதா என்று பார்த்தார்கள், அகப்படவில்லை. பெரும்பாலும் நல்ல சேதி. ஆனால் உங்கள் பக்கத்தில் அதை ‘எதிர்மறை’ என்று போடுகிறீர்கள். எதிர்மறை என்ற சொல்லைப் பார்த்து நிம்மதி அடைகிறவர் யார் இருக்கிறார்?

‘அக்யூட்’ என்பதை ‘தீவிர’ என்று எழுதுவதும் இப்படித்தான். திடீரென்று வந்தது, போன வாரம் இல்லாதது என்றுதான் டாக்டர் அந்தச் சொல்லால் முக்கியமாகச் சொல்கிறார். அந்தக் கணக்கில் சாதாரண ஜலதோஷம்கூட அக்யூட்தான். நேர்மாறாக ‘கிரானிக்’ என்றால் முற்றிவிட்டது என்று பலரும் பயப்படுகிறார்கள். காலம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது அது. நெடுநாளாக இருப்பது என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இதற்கு ‘நாட்பட்ட’ என்று நீங்கள் போடுவது அருமையான சொல், அதை விட்டுவிடாதீர்கள்.

பயந்தால்கூடப் பரவாயில்லை, சில சொற்கள் ஆபத்திலேயே கொண்டுபோய் விடுகின்றன. என் தோழிக்குத் தைராய்டு குறைவு. அதற்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு கூடியிருந்தது. தைராய்டு கூடிவிட்டது என்று நினைத்து மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டார். உண்மையில் டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதே இல்லை. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைப் பார்த்து ‘வேலை செய்’ என்று அனுப்பும் உத்தரவு அது. தைராய்டு மந்தமானால் உத்தரவு பலமாகிறது. அதாவது, பெரும்பாலும் எண் ஏறினால் சுரப்பு இறங்கியிருக்கிறது. தோழி சாப்பிடும் மாத்திரை போதவில்லை என்று அந்த ரிப்போர்ட் சொல்லியிருக்கிறது. அவர் இருந்ததையும் விட்டுவிட்டார். இரண்டு மாதம் கழித்து முகம் வீங்கி, எழுந்து நடக்கவே தெம்பில்லாமல்தான் டாக்டரிடம் போனார். ‘ஹைப்போ’ என்றால் குறைவு, ‘ஹைப்பர்’ என்றால் மிகுதி என்பதையாவது பெரிய எழுத்தில் ஒருநாள் போடுங்கள்.

மருந்துச் சீட்டில் ‘எஸ்.ஓ.எஸ்.’ என்று இருப்பதைப் பார்த்து, அது உயிருக்கு ஆபத்து வந்தால் போடவேண்டிய மாத்திரை என்று நினைத்து, இரவெல்லாம் முழங்கால் வலியைப் பொறுத்துக்கொண்டு கிடந்தார் அம்மா. ‘தேவைப்பட்டால்’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களின் சுருக்கமாம் அது. வலித்தால் போடு, வலிக்காவிட்டால் வேண்டாம். ‘ஓ.டி.’ ஒரு வேளை, ‘பி.டி.’ இரண்டு வேளை, ‘டி.டி.எஸ்.’ மூன்று வேளை. இவையும் நோட்டில் இருக்கின்றன.

இன்னொன்று, ரிப்போர்ட்டில் தடித்த எழுத்திலோ நட்சத்திரக் குறியோடோ வரும் எண்கள். ‘இயல்பான அளவு’ என்று பக்கத்தில் போட்டிருக்கிறார்களே, அது பொதுவாக ஆரோக்கியமானவர்களைச் சோதித்து, அவர்களில் 95 சதவீதம் பேர் எந்த எல்லைக்குள் வருகிறார்களோ அதை எடுத்துக்கொள்வது. அப்படியானால் நோயே இல்லாத 20 பேரில் ஒருவர் அந்த எல்லைக்கு வெளியேதான் இருப்பார். ஒரே நேரத்தில் இருபது முப்பது சோதனை செய்துகொண்டால், கொஞ்சம் முன்பின்னாக ஒரு நட்சத்திரமாவது விழுவதில் வியப்பில்லை. அதற்காக நட்சத்திரத்தைத் தள்ளிவிடச் சொல்லவில்லை. அந்த எண் எவ்வளவு தள்ளி இருக்கிறது, போன தடவை என்ன இருந்தது, உடம்பில் என்ன தொந்தரவு என்பதையெல்லாம் சேர்த்துத்தான் டாக்டர் பார்க்கிறார். இதை எனக்குச் சொன்னபோது, பல வருடமாக நான் தூக்கம் கெட்ட இரவுகள் நினைவுக்கு வந்தன.

தமிழில் சொல் இல்லை என்று சொல்லவே முடியாது. மாரடைப்பு என்ற சொல்லைப் பாருங்கள். எங்கே, என்ன நடக்கிறது என்று சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. குடலிறக்கமும் அப்படித்தான். அந்தச் சொற்களை யாரும் விளக்க வேண்டியதில்லை. இப்போது வருபவை பலவும் ஆங்கிலச் சொல்லை அப்படியே தமிழில் மாற்றிப் போட்டவை. ஒரு புரியாத சொல்லுக்குப் பதில் இன்னொரு புரியாத சொல். அதுவும் ரிப்போர்ட்டில் ‘கிரியேட்டினின்’ என்று பார்த்தவர் உங்கள் கட்டுரையில் வேறு பெயரைப் பார்த்தால் இரண்டும் ஒன்று என்று அவருக்கு எப்படித் தெரியும்?

எனவே என் வேண்டுகோள் இதுதான். டாக்டரும் ரிப்போர்ட்டும் சொல்லும் சொல்லைத் தமிழ் எழுத்தில் அப்படியே போடுங்கள். அது முதலில் வரும் இடத்திலேயே ஒரு வரியில் விளக்குங்கள். கிரியேட்டினினா? தசைகளில் உண்டாகும் கழிவு, சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியேற்றும், வடிகட்டுவது குறைந்தால் ரத்தத்தில் அது கூடும். அவ்வளவு போதும். முடிந்தால் எது அதன் பொருள் இல்லை என்பதையும் ஒரு வார்த்தை சேருங்கள். ‘பயாப்ஸி’ எடுக்கச் சொன்னால் சின்னத் துணுக்குச் சதையை எடுத்துப் பார்க்கப் போகிறார்கள், புற்றுநோய் என்று முடிவாகிவிடவில்லை, என்பதுபோல.

என் நோட்டில் இதுவரை 43 சொற்கள் சேர்ந்திருக்கின்றன. நகலெடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். நான் கேட்டு எழுதியவை என்பதால், மருத்துவர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொண்டு, வாரம் இரண்டாகப் போட முடியுமா என்று பாருங்கள். அடுத்த வாரம் சிறுநீரகம் பற்றிய கட்டுரை வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். கிரியேட்டினின் 17-ஆம் எண்ணில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி