பின்மூலை அறை வேண்டாம், வசந்தா

மயிலாப்பூர்,
திங்கள் இரவு

அன்புள்ள வசந்தா,

சிங்கப்பூரிலிருந்து நீங்கள் போகப்போகும் கப்பல் பயணத்துக்கு நீ அனுப்பிய மூன்று விலைப்பட்டியலும், தளம் தளமாக அறைகளைக் காட்டும் டெக் பிளானும் வந்தன. இங்கே எல்லாரும் சௌக்கியம். மழை இல்லை, ஆனால் குழாயில் தண்ணீர் வருகிறது, போதும். குரல் பதிவாகச் சொன்னால் பாதியிலேயே நிறுத்திவிட்டு "சரி சரி, முடிவு என்ன" என்பாய். அதனால் எழுதுகிறேன், முடிவையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பின்மூலை சூட் (பெரிய சொகுசு அறை) வேண்டாம். இரண்டு மாடி லாஃப்ட் வேண்டவே வேண்டாம். மூன்றாவது மலிவாக இருக்கிறது என்று உன் பையன் ரமேஷ் குதிக்கிறானே, அதன் பக்கமே போகாதே. காரணம் கேட்கப் பொறுமை இல்லையென்றால் கடிதத்தை உன் வீட்டுக்காரரிடம் கொடு, அவராவது முழுசாகப் படிப்பார்.

பின்மூலை சூட் படத்தில் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. கப்பலின் மூலையைச் சுற்றி வளைகிற பால்கனி, பின்னால் நீண்டுகொண்டே போகும் வெள்ளை நுரை. கப்பல் பைத்தியங்கள் இந்த அறைகளை மாதக்கணக்கில் முன்னாலேயே பிடித்து வைப்பார்கள். ஆனால் அதற்கு நேர் கீழே, தண்ணீருக்குள், புரொப்பெல்லர்கள். நடுக்கடலில் சீராகப் போகும்போது மெல்லிய அதிர்வுதான் இருக்கும். துறைமுகத்துக்குள் நுழைந்து திரும்பும்போது கண்ணாடி அலமாரியில் இருக்கிற டம்ளர் கிணுகிணுக்கும். வழியில் பினாங்கிலும் போர்ட் கிளாங்கிலும் கப்பல் சில நேரம் விடியற்காலையிலேயே கரை சேரும், அதாவது நீங்கள் அசந்து தூங்கும் நேரம். காற்று வாட்டமாக அடித்தால் புகைபோக்கியின் கரித்துகள் பால்கனி நாற்காலியில் படியும். சில கப்பல்களில் பின்பக்கப் பால்கனிகள் படிப்படியாக இறங்குவதால் மேல் தளத்துக்காரர்கள் கைப்பிடியில் சாய்ந்தால் உன் காலைக் காபியில் எத்தனை சர்க்கரை என்று எண்ணலாம்.

ஆட்டமும் அங்கேதான் அதிகம். நாகேஸ்வர ராவ் பூங்கா சீசா பலகையை நினைத்துக்கொள்: நடுவில் உட்கார்ந்தவளுக்கு ஒன்றும் தெரியாது, முனையில் இருப்பவள்தான் ஏறி இறங்குவாள். கப்பலும் முன்னும் பின்னும் அப்படித்தான் ஆடும். பக்கவாட்டு ஆட்டத்தை ஸ்டெபிலைசர் என்கிற துடுப்புகள் குறைக்கும், முன்பின் ஆட்டத்தை அவற்றால் ஒன்றும் செய்ய முடியாது. பக்கவாட்டு ஆட்டம் உயரப் போகப் போகக் கூடும். ஆக ஆட்டம் குறைவான இடம் நடுப்பகுதி, நடுத்தளம். மலாக்கா நீரிணை சுமத்ராவுக்கும் மலேசியாவுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடப்பதால் பொதுவாக அமைதியான கடல்தான். ஆனால் கொடைக்கானல் பஸ்ஸை நான் மறக்கவில்லை, சரோஜாவும் மறந்திருக்க மாட்டாள்.

எல்லாவற்றையும் விட, நடை. ராயல் கரீபியன் கம்பெனியின் குவாண்டம் வகைக் கப்பல் ஒன்று ஏறக்குறைய 350 மீட்டர் நீளம். உன் ஓரகத்தி சென்னைத் துறைமுகத்திலிருந்து போய்வந்தாளே, கோர்டீலியாவின் எம்ப்ரெஸ், அது 1990இல் கட்டிய கப்பல், 211 மீட்டர்தான். அதை மனதில் வைத்துக்கொண்டு "என்ன பெரிய நடை" என்று அவள் சொல்வதைக் கேட்காதே. வாரத்துக்கு இரண்டு நாள் பிசியோதெரபி போகிற உன் வீட்டுக்காரர் முட்டியை, சாப்பிட ஒரு முனை, நிகழ்ச்சி பார்க்க ஒரு முனை என்று அலைய வைக்காதே. லிஃப்டிலிருந்து நான்கைந்து கதவு தள்ளி அறை இருந்தால் போதும். லிஃப்ட் வாசலிலேயே வேண்டாம், நடுராத்திரி வரைக்கும் பேச்சுச் சத்தம்.

லாஃப்ட் விஷயம் இரண்டு வரி. படுக்கை மேலே, சோபாவும் டிவியும் கீழே, நடுவில் படி. ராத்திரி தண்ணீர் தாகம் எடுத்தால் படி, கதவைத் தட்டினால் படி. உயரமான கண்ணாடி புகைப்படத்துக்கு நன்றாக இருக்கும். ரமேஷும் அவன் மனைவி நித்யாவும் தனியாகப் போகட்டும், அப்போது எடுக்கட்டும்.

மூன்றாவது பட்டியலில் அறை எண் இருக்க வேண்டிய இடத்தில் ஜிடிஒய் (கேரண்டி) என்று போட்டிருக்கிறது, பார்த்தாயா? உறுதி அறை என்று ஏஜெண்ட் இனிமையாகச் சொல்லியிருப்பான். உறுதி என்பது அந்த வகைக்குக் குறையாத ஓர் அறை கிடைக்கும் என்பதற்கு மட்டும். எந்தத் தளம், எந்தப் பக்கம், மேலே என்ன, கீழே என்ன, எல்லாம் கம்பெனி முடிவு, கடைசி நேரத்தில் தெரியும். ஊர்சுற்றும் இளசுகளுக்கு அது நல்ல பேரம், உங்களுக்கு இல்லை. புக் செய்த பிறகு "ஏலம் கேளுங்கள், பெரிய அறைக்கு மாறலாம்" என்று மின்னஞ்சல் வரும். அதில் போடும் தொகை பொதுவாக ஓர் ஆளுக்கு, அறைக்கு அல்ல. கார்டில் பணம் எடுத்துவிட்டால் திரும்பாது, நீ பார்த்துப் பார்த்து எடுத்த இடமும் போய்விடும். ரமேஷ் அந்தப் பொத்தானை அழுத்தாமல் பார்த்துக்கொள்.

இப்போது எதை எடுப்பது. டெக் பிளானை அச்செடுத்து (ஃபோனில் பெரிதாக்கிப் பார்த்தால் தலை வலிக்கும்) மூன்று தளங்களை ஒன்றன் கீழ் ஒன்றாக வை: உன் அறை இருக்கும் தளம், அதன் மேல் தளம், கீழ்த் தளம். மேலேயும் கீழேயும் அறைகளே இருக்க வேண்டும். நீச்சல் குளத் தளத்துக்கு நேர் கீழே எடுத்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுத்துப் போட்டுத் தரை கழுவுவார்கள், ஒவ்வொரு இழுப்பும் உன் தலைமேல். சமையலறைக்குக் கீழே என்றால் தள்ளுவண்டி. நடன அரங்குக்கு மேலே என்றால் பாட்டு கேட்காது, அடி மட்டும் தும் தும் என்று கட்டில் வழியாக வரும். பிளானில் பெயர் எதுவும் போடாமல் வெள்ளையாக விட்டிருக்கும் கட்டங்களையும் கவனி. பெரும்பாலும் பணியாளர் கதவு, சரக்கு அறை, பாத்திரம் வைக்கும் இடம். இரண்டு அறைகளுக்கு நடுவில் சின்ன அம்புக்குறி இருந்தால் இணைப்புக் கதவு. நீங்களே இரண்டு அறையும் எடுத்தால் அது வரம். அடுத்த அறையில் முன்பின் தெரியாதவர்கள் என்றால் அவர்கள் சண்டை முழுக்க உனக்குக் கேட்கும்.

முன்முனை சூட்டுகளையும் ஏஜெண்ட் காட்டுவான். கப்பலை ஓட்டுகிற இடத்துக்குக் கீழே முன்னோக்கிப் பார்க்கும் அறைகளில், வெளிச்சம் மாலுமிகளின் பார்வையைக் கெடுக்கும் என்று இரவில் திரையை மூடச் சொல்வார்கள். ஓடும்போது பால்கனியில் நிற்க முடியாத காற்று. புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பெரும்பாலும் கடலிலேயே நங்கூரம் போட்டு, சின்னப் படகில்தான் கரைக்குக் கொண்டுபோகும். அந்தச் சங்கிலி இறங்கும் சத்தம் முன் அறைகளுக்கு அலாரம்.

இடது பக்கமா வலது பக்கமா என்று நித்யா கேட்டிருந்தாள். சிங்கப்பூரிலிருந்து வடமேற்காகப் போகும்போது சாயங்கால வெயில் இடது பக்கம், திரும்பும்போது வலது பக்கம். மொத்தத்தில் சமம், அதற்காகப் பத்து ரூபாய் கூடக் கொடுக்காதே.

அடுத்தது யாரும் சொல்லாத விஷயம், குளியலறை. சாதாரண பால்கனி அறையில் ஷவர் மட்டும்தான். காசு கூடக் கொடுத்து சூட் எடுத்தால், பல கப்பல்களில், தொட்டிக்குள் நின்று குளிக்கிற மாதிரி வைத்திருப்பார்கள். முட்டி மடங்காதவர் ஈரக்காலோடு அந்தத் தொட்டி விளிம்பைத் தாண்ட வேண்டும், அதுவும் ஆடுகிற தரையில். "தனி ஷவர் இருக்கிறதா, கைப்பிடி எங்கே இருக்கிறது" என்று எழுத்தில் கேட்டு வாங்கு. குளியலறை வாசலிலும் பால்கனி வாசலிலும் ஒரு தடுப்புப் படி வேறு இருக்கும். படியே இல்லாத அகலக் கதவு அறைகளும் உண்டு, ஆனால் சக்கர நாற்காலிக்காரர்களுக்கு என்று ஒதுக்கியவை. அவருக்குத் தேவை என்று டாக்டர் சொன்னால் வெட்கப்படாமல் கேள், வசதிக்காக மட்டும் கேட்காதே.

சூட் எடுப்பதே சலுகைகளுக்காகத்தான், அளவுக்காக அல்ல. சாதாரண பால்கனி அறை சுமார் 200 சதுர அடி, அதாவது 10க்கு 20. விளம்பரத்தில் போடும் சதுர அடியில் பால்கனியும் சேர்ந்திருக்கிறதா என்று கேள், கம்பெனிக்குக் கம்பெனி வழக்கம் வேறு. சலுகையும் படிப்படியாகத்தான். ராயல் கரீபியனின் ஆந்தம் ஆஃப் த சீஸ் மாதிரிக் கப்பல்களில் ஜூனியர் சூட் கடைசிப் படி. தனி உணவகமான கோஸ்டல் கிச்சனில் இரவுச் சாப்பாடு மட்டும், அதுவும் இடம் இருந்தால். கிராண்ட் சூட்டிலிருந்துதான் மூன்று வேளையும். ராயல் லாஃப்டுக்கு ராயல் ஜீனி என்று தனி ஆளே உண்டு. கெண்டிங் ட்ரீம் கப்பலில் தி பேலஸ் என்று தனிப் பகுதியே பிரித்திருக்கிறார்கள்: தனிக் குளம், தனி உணவகம், பட்லர். எம்எஸ்சி கம்பெனியின் யாட் கிளப், நார்வீஜியன் கம்பெனியின் தி ஹேவன் எல்லாம் இதே ஏற்பாடுதான். இந்தச் சலுகைகள் அறைக்காரருக்கு மட்டும். நீங்கள் சூட்டிலும் பிள்ளைகள் சாதா அறையிலும் இருந்தால், பொதுவாக அவர்களை உள்ளே விடமாட்டார்கள். அது பரவாயில்லை என்பது என் கட்சி, நீயே யோசித்துக்கொள்.

கணக்கு இப்படித்தான் போகிறது: ஐந்து ராத்திரி, மூன்று ஊர். பகலெல்லாம் வெளியே. பெரிய ஹால் யாருக்கு? அதனால் உங்கள் இருவருக்கும் நடுப்பகுதியில், 8 முதல் 10ஆம் தளத்துக்குள், கிராண்ட் சூட் ஒன்று. ஏறும்போது தனி வரிசை, புக்கெட்டில் படகுக்கு முன்னுரிமை, இரண்டும் அந்த முட்டிக்குத்தான். ரமேஷுக்கும் நித்யாவுக்கும் எதிர்ப்பக்கம் ஜன்னல் இல்லாத உள்ளறை. அவர்கள் தூங்க மட்டும்தான் வருவார்கள். நான்கு பேரும் ஒரே சூட்டில் என்றால் மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் குறையும், உண்மைதான். ஆனால் சோபாவை விரித்துப் படுக்கிற புது ஜோடியை நினைத்துப் பார், மாமியார் நீ!

வசந்தா, ஒன்று சொல்லட்டுமா. "எனக்கு உள்ளறை போதும், பையன் பணம் வீணாகக் கூடாது" என்று பட்டியலின் ஓரத்தில் எழுதியிருந்தாய். அவன் உன்னிடம் கேட்டது எந்த அறை என்றுதான், வேண்டுமா என்று இல்லை. ஸ்டென்ட் வைத்து ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு பிசியோதெரபி தவிர அவர் வாசல் தாண்டி எங்கும் போகவில்லை என்று நீதான் சொன்னாய். காலையில் எழுந்து கதவைத் திறந்தால் கடல், யாரையும் கூப்பிடாமல், எங்கும் நடக்காமல். அந்த பால்கனி அவருக்கு வேண்டும். எடுத்துக்கொள்.

ஸ்டென்ட் என்றதும் இன்னொன்று. கப்பலில் மருத்துவமனை உண்டு, டாக்டர் உண்டு, ஆனால் எல்லாம் காசு. அறைக் கணக்கில் ஏறும். இங்கே நாம் கட்டுகிற மெடிக்ளெய்ம் பெரும்பாலும் அங்கே செல்லாது. பயணக் காப்பீடு எடுக்கும்போது ஸ்டென்டை மறைக்காமல் எழுது. ஏற்கெனவே உள்ள நோய்க்கு எவ்வளவு வரை தருவார்கள், கப்பலிலிருந்து கரைக்கு அவசரமாகக் கொண்டுபோகும் செலவு உண்டா, இரண்டையும் படித்துவிட்டுக் கட்டு. மாத்திரைகள் கைப்பையில். பெட்டிகளை முனையத்தில் வாங்கிக்கொண்டு அறை வாசலில் சாயங்காலம்தான் வைப்பார்கள். தூக்க மாத்திரை ஏதாவது இருந்தால் சிங்கப்பூருக்கு முன் அனுமதி வேண்டுமா என்று பார், சீட்டும் கையில் இருக்கட்டும்.

பணம்: பட்டியலில் இருப்பது இருவர் தங்கும் கணக்கில் ஓர் ஆளுக்கு. துறைமுக வரி, தினப்படி டிப்ஸ் (சூட்டுக்கு அது கூடுதல்), வைஃபை சேர்ந்திருக்கிறதா என்று பார். டிசிஎஸ் என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். வருமான வரிக் கணக்கில் சரிக்கட்டலாம், அதனால் யாருடைய பான் எண்ணில் பிடிக்கிறார்கள் என்பது முக்கியம். விசா, சிங்கப்பூரிலிருந்து வெளியே போய்த் திரும்ப நுழைகிறீர்கள், பலமுறை நுழையும் அனுமதி இருக்க வேண்டும். கப்பல் ஏறும் நாளில் சென்னையிலிருந்து பறக்காதீர்கள், முந்தின நாளே போய்விடுங்கள்.

இஸ்திரிப் பெட்டி, கெட்டில், ஊதுபத்தி, கற்பூரம் எதையும் எடுத்துப் போகாதே, பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். ஸ்வாமி படம் போதும். காபிப் பொடி கொண்டுபோ, வெந்நீர் அறைக்கே வரும், டிகாக்‌ஷன் இறங்கும் வரை கொண்டுவந்தவரை நிற்க வைக்காதே. சைவம் என்று இப்போதே எழுதிக் கொடு, ஏறிய பிறகு கேட்டால் முதல் நாள் சாலட்தான்.

நாளைக்கு ஏஜெண்டிடம் நடுப்பகுதியில் காலியாக இருக்கும் சூட் எண்களை மட்டும் வாங்கி அனுப்பு, மூன்று நான்கு போதும். மேல் தளம், கீழ்த் தளம் பார்த்து ஒன்றில் வட்டம் போட்டுத் தருகிறேன். "எல்லாம் ஒண்ணுதான் மேடம்" என்று அவன் சொன்னால் ஏஜெண்டை மாற்று.

அன்புடன்,
உன் கல்யாணி

பி.கு.: வார்டன் படத்தை குரூப்பில் போட்டது நீதான் என்று மாலதி சொல்கிறாள். நான் வாயைத் திறக்கவில்லை.