லோ புரொஃபைல் டயரை வலுவால் மாட்டக் கூடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் என் காரின் 225/45 ஆர் 17 அளவுள்ள புதிய லோ புரொஃபைல் (பக்கச்சுவர் உயரம் குறைந்த) டயரை அலாய் வீலில் மாட்டுவதற்காக, லாரி டயர் வேலையில் நெடுநாள் பழகிய ஒரு கடைக்குச் சென்றேன். இருவர் லிவர் போட்டு நெம்பியும் கடைசி ஒரு சாண் அளவு டயர் உள்ளே இறங்க மறுத்தது. இன்னும் அழுத்தியபோது டயரின் உள்விளிம்பில் ரப்பர் நகக்கீற்றளவு பிய்ந்து, அதனுள்ளிருந்த செப்பு நிறக் கம்பி வெளியே தெரிந்தது. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர் அதோடு வீணாயிற்று.

அவர்களின் உழைப்பில் குறை சொல்ல மாட்டேன். பழகிய வேலைதான் வேறு. டியூப் போட்ட லாரி டயருக்கான டிஸ்க்கில் (வீலில்) பக்கவளையத்தைத் தனியே கழற்றிவிட்டு டயரை நுழைக்கலாம். கார் வீலோ பிரிக்க முடியாத ஒரே துண்டு. ஒரு பக்கத்து விளிம்பை வீலின் நடுப்பள்ளத்தில் இறக்கி வைத்தால்தான் எதிர்ப்பக்கத்தில் ஏற்றுவதற்கு இடைவெளி கிடைக்கும். 165/80 ஆர் 14 டயருக்குப் பக்கச்சுவர் 132 மி.மீ. உயரம் இருப்பதால் அது வளைந்து கொடுத்துப் பள்ளத்தில் இறங்கிவிடுகிறது. என் டயரின் பக்கச்சுவர் ஏறத்தாழ 101 மி.மீ. மட்டுமே, விறைப்பும் அதிகம் என்பதால், கையை எடுத்தவுடன் பள்ளத்திலிருந்து மேலே ஏறிவிடுகிறது. அந்த நிலையில் லிவரை நெம்பினால் அந்த வலு முழுவதும் உள்விளிம்புக் கம்பியின் மீதே விழுகிறது.

இதற்கென்றே, டயரை அழுத்திப் பிடிக்கும் துணைக்கை பொருத்திய இயந்திரங்கள் உள்ளன. இரு விளிம்புகளிலும் வழுக்கிச் செல்ல உதவும் டயர் பேஸ்டைத் தாராளமாகத் தடவ வேண்டும். வால்வின் அடியில் காற்றழுத்த சென்சார் இருந்தால், டயரின் விளிம்போ லிவரோ அதில் மோதாதபடி வீலை முன்கூட்டியே திருப்பி வைக்க வேண்டும். காற்றடிக்கும்போது விளிம்பு சரியாக உட்காரவில்லை என்று அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, 40 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாமல் நிறுத்தி, காற்றை இறக்கி, மீண்டும் பேஸ்ட் தடவிப் பார்க்க வேண்டும். பிய்ந்த விளிம்போடு நெடுஞ்சாலையில் ஓடும் காரில் குழந்தைகளும் இருப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது.

எனவே, துணைக்கை இல்லாத கடைக்காரர்கள் இத்தகைய டயர்களை மாட்ட இயலாது என்று வாடிக்கையாளரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கார் வைத்திருப்போரும் டயரை இறக்குவதற்கு முன்பே இயந்திரத்தைப் பார்த்துக் கேட்டுக்கொள்வது நல்லது. பஞ்சர் கடைகளில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு அரசு ஐ.டி.ஐ.களில் ஓரிரு நாள் செய்முறைப் பயிற்சி நடத்த மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நாமக்கல்.